ஒன்றும் நடக்காத பகுதி

“அப்பா, நாளைக்கு நீங்க பந்தைப் பாக்காதீங்க.”

“பந்தைப் பாக்காம? நடுவரோட அரை டிராயரைப் பாக்கவா?”

“முழு மைதானத்தையும் பாருங்க. மேல் படிக்கட்டுல ஸ்டாண்டைப் போடுங்க. லென்ஸை முழுசா விரிச்சு வையுங்க. அப்புறம் கேமரா மேல கையே வைக்காதீங்க.”

“கை வைக்காம இருக்க நான் எதுக்குடி? சுவத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டிட்டு வந்துடலாமே. அதுக்குப் பேரு வீடியோ இல்ல. நகைக்கடையில திருடனைப் பிடிக்க மாட்டி வச்சிருப்பாங்களே, அந்தச் சமாச்சாரம்.”

மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வீங்கிப்போன காலை வெந்நீர் வாளிக்குள் வைத்தபடி அம்மா சிரித்தாள்.

“சிரிக்காதம்மா. அப்பா கேக்கவே மாட்டேங்கறார்.”

“யார் சொல்லி எதைக் கேட்டிருக்கார்? எங்க கல்யாணத்துல என் பக்கத்துல நிக்கச் சொன்னா, வீடியோ எடுக்க வந்தவன்கிட்டப் போயி ‘லைட்டைத் திருப்பு, லைட்டைத் திருப்பு’ன்னு வேலை சொல்லிட்டிருந்தவர் இவர். பாதிப் படத்துல நான் தனியாத்தான் நிக்கிறேன்.”

“அந்த லைட்டைத் திருப்பினதாலதான் நீ அழகா விழுந்திருக்க,” என்றார் அவர், பாட்டரிகளை ஒவ்வொன்றாக சார்ஜரில் செருகிக்கொண்டே.

அவரை எல்லோரும் வீடியோக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் அவரைத் தேடி வருவதற்கு ஒரே காரணம், முகம். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும், மணப்பெண்ணின் அம்மா கண்ணில் நீர் திரளும் நேரத்தில் அவருடைய லென்ஸ் அந்தக் கண்ணுக்கு அருகில் இருக்கும். தூரத்தில் நின்று மண்டபம் முழுவதையும் எடுப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். “சோம்பேறிங்க. கிட்டப் போகக் கூச்சம்” என்பார்.

ஒரே மகள். பெண்கள் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். அணியில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். ஒல்லி என்பதால் அல்ல. ஆடும்போது ஓயாமல் கழுத்தைத் திருப்பி இந்தத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அந்தத் தோளுக்கு மேல் ஒரு பார்வை என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வீடியோக்காரர் முதன்முதலாக அவள் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டு வந்து மனைவியிடம் கவலையோடு சொன்னார்: “பந்து ஒரு பக்கம் இருக்கு, இவ இன்னொரு பக்கம் வேடிக்கை பாக்கறா. கவனமே இல்ல. கண்ணு டாக்டர்கிட்டக் காட்டலாமா?”

இப்போது விஷயம் வேறு. பெரிய நகரத்துக் கிளப் ஒன்று, விடுதியில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்க நடுக்களத்துக்கு ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடம். வயது வரம்பில் கொக்குவுக்கு இதுதான் கடைசி வருஷம். ஊர் ஊராக வந்து பார்க்க அவர்களுக்கு ஆள் இல்லை. ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அணியின் பயிற்சியாளர் அம்மா தனக்குத் தெரிந்த ஒரு பையனை வைத்து எடுத்துவிடலாம் என்றபோது, வீடியோக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“வீட்டுலயே வீடியோக்காரன் இருக்கேன். எவனோ ஒருத்தன் எடுக்கணுமா என் பொண்ணை?”

சீசனின் கடைசி ஆட்டம் அது. அதற்குப் பிறகு புல் மாற்றுவதற்காக மைதானத்தை மூடப்போகிறார்கள்.

மறுநாள் முதல் பாதி முழுக்க அவர் கோட்டுக்கு வெளியே, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, பந்து போன இடமெல்லாம் ஓடினார். அந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம். பந்து காலில் பட்டுத் தெறிப்பது, தடுக்கப் போன பெண்ணின் உதடு மடிவது, முழங்காலில் ஒட்டிய மண் என்று எதையும் விடவில்லை. இடைவேளையில் பயிற்சியாளர் அம்மா தண்ணீர் பாட்டிலோடு அவரிடம் வந்தார்.

“சார், மேல போங்கன்னு சொன்னேனே.”

“மேலேருந்து பாத்தா எறும்பு மாதிரி தெரிவாங்கம்மா. எது என் பொண்ணு, எது எதிராளின்னு யாருக்குத் தெரியும்?”

“அவங்களுக்குத் தெரியும் சார். எறும்பு பாக்கத்தான் அவங்க உக்காந்திருக்காங்க. தயவு பண்ணிப் போங்க.”

அவருக்கு மனசில்லை. ஆனாலும் போனார். மேல் படிக்கட்டில் ஸ்டாண்டைப் போட்டு, லென்ஸை விரித்து, பதிவை ஓடவிட்டார். சிறிது நேரம் பார்த்தார். பச்சையில் புள்ளிகள் நகர்ந்தன. கொட்டாவி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அடுத்த வாரக் கல்யாணத்து மாப்பிள்ளையின் அப்பா. மேடைக்கு எந்த நிறத் திரை போடுவது என்று அவருக்கும் சம்பந்திக்கும் ஒத்துப்போகவில்லை. வீடியோக்காரர் கேமராவை அப்படியே விட்டுவிட்டு, இரைச்சல் இல்லாத இடமாகப் படிக்கட்டின் பின்புறம் போய், நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் சமாதானம் பேசி முடித்தார்.

திரும்பி வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: “என்ன ஆச்சு? கோல் ஏதாவது போட்டுட்டாங்களா?”

“ஒண்ணும் நடக்கல. அவங்களும் வர்றாங்க, வர்றாங்க, பாதி தூரத்துல நின்னு போறாங்க. சப்புனு இருக்கு.”

அவருக்கு நிம்மதி. நல்லவேளை, எதையும் தவறவிடவில்லை. கேமராவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் கோட்டோரம் இறங்கினார். அவர் இறங்கியதற்குப் பலனும் கிடைத்தது. முடியப்போகும் நேரத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி தனியாக ஓடி ஒரு கோல் போட்டாள். அவள் கண் விரிவது, வலை உப்புவது, அவள் மேல் மற்றவர்கள் விழுவது எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பிடித்தார். பந்து அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் பார்க்கவில்லை. வந்தது, அவ்வளவுதான்.

முழு ஆட்டமும் வேண்டும் என்று கிளப் கேட்டிருந்ததே? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

“எல்லாரும் முழுசா வேணும்னுதான் கேப்பாங்க. கல்யாண வீட்டுலயும் அப்படித்தான். முழுசாக் கொடுத்துப் பாரு, ஒருத்தரும் உக்காந்து பாக்க மாட்டாங்க. சாரத்தைக் கொடுக்கணும்.”

வெட்ட உட்கார்ந்தார். மேல் படிக்கட்டில் எடுத்தது வந்தபோது வேகமாக ஓட்டிப் பார்த்தார். புள்ளிகள் வந்தன, போயின. யாரும் விழவில்லை, யாரும் அடிக்கவில்லை, முகம் என்று ஒன்று கிடையாது. சுத்தமான தண்டம். முனையிலிருந்து முனை வரை எடுத்து வீசிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பெண்கள் தலையோடு தலை மோதிக்கொண்டதை மெதுவாக ஓடவிட்டுச் சேர்த்தார்.

வீட்டு டீவியில் போட்டுக் காட்டினார். அம்மா மருந்துக்கடைப் புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள். படம் நிஜமாகவே நன்றாக இருந்தது. வியர்வை தெரிந்தது, மூச்சு கேட்டது. கோல் விழுந்தபோது அம்மா தன்னை மறந்து கை தட்டினாள். அப்புறம் கேட்டாள்:

“என்னங்க, நம்ம பொண்ணு எப்ப வருவா?”

“என்ன கேள்வி இது? வந்தாளே.”

“எங்க வந்தா? கல்யாண வீடியோல சமையல்காரர் எட்டிப் பாத்துட்டுப் போவாரே, அந்த மாதிரி ஒரு கால் வந்துது, போச்சு. அது இவ காலா?”

“அவகிட்டப் பந்து வந்தா நான் காட்ட மாட்டேனா? வந்த உடனே வேற யார்கிட்டயோ கொடுத்துடறா. கையில கொடுத்த பலகாரத்தை ருசி பாக்காம பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பற மாதிரி.” மகள் பக்கம் திரும்பினார். “கொஞ்சம் வச்சிருந்து ஆடக் கூடாதா நீ?”

கொக்கு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோல் போட்ட பெண்ணின் முகம் நின்றுபோய்த் திரையை நிறைத்திருந்தது.

“நல்லா இருக்குப்பா,” என்றாள்.

“நிஜமாவா?”

“நிஜமா. ரொம்ப கஷ்டப்பட்டிருக்கீங்க.”

“அனுப்பிடலாமா? இன்னிக்குத்தானே கடைசி நாள்?”

ஒரு கணம் அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, காலைத் தேய்க்கக் குனிந்துகொண்டாள்.

“அனுப்புங்க,” என்றாள் மகள்.

அனுப்பினார். அனுப்பிய கையோடு கார்டைத் துடைத்தார். அது அவருடைய தொழில் வழக்கம். கொடுக்கவேண்டியவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றால் பழசைத் துடைத்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கார்டைத் தயாராக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டு மேடையில் வந்து நின்றுவிடுவாள். நீலத் திரைக் கல்யாணம் அந்தக் கார்டில்தான் ஏறியது.

கல்யாணம் முடிந்து சில நாளில் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. தேர்வு செய்யும் அம்மாள் பேசினார். கொக்கு பயிற்சிக்கு ஓடப் போயிருந்தாள். வீடியோக்காரர் ஒலிபெருக்கியைப் போட்டு, மனைவியைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

“சார், வீடியோ ரொம்ப அழகா எடுத்திருக்காங்க.”

“நான்தாம்மா எடுத்தேன்,” என்றார், மனைவியைப் பெருமையாகப் பார்த்து.

“அப்படியா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம். அந்த முன்வரிசைப் பொண்ணு யாருன்னுகூடக் கேட்டாங்க. ஆனா சார், உங்க பொண்ணைத்தான் பாக்க முடியல.”

“அவ இருக்காளேம்மா. பந்து வரும்போதெல்லாம்...”

“பந்து வரும்போது எல்லாரும் இருப்பாங்க சார். பந்து வர்றதுக்கு முன்னாடி எங்க நின்னா, எதைப் பாத்தா, கொடுத்ததுக்கப்புறம் எங்க போனா, அதுதான் எனக்கு வேணும். உங்க படத்துல அவ வெளியிலேருந்து வர்றா, கொடுக்கறா, வெளியில போயிடறா. கொடுக்கறது பிரமாதமா இருக்கு. பாக்காமலே கொடுக்கற மாதிரி இருக்கு. முன்னாடியே பாத்து வச்சிருக்கணும். ஆனா அதை நான் கண்ணால பாக்கணுமில்லையா?”

வீடியோக்காரர் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார்.

“வெட்டாத வீடியோ இருக்கா சார்? மேலேருந்து எடுத்தது கொஞ்சமாவது? கொஞ்சம் இருந்தாக்கூடப் போதும். நாளைக்குள்ள அனுப்புங்க, அதுவரைக்கும் இடத்தை நான் நிறுத்தி வைக்கறேன்.”

“இருக்கு... பாக்கறேன்ம்மா. இருக்கும்.”

போனை வைத்ததும் அம்மா கேட்டாள்: “இருக்கா?”

அவர் அலமாரியைத் திறந்தார். கார்டை எடுத்துக் கணினியில் செருகினார். நீலத் திரைக்கு முன்னால் மணமக்கள் சிரித்தார்கள். அடுத்ததில் மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். அவர் கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். அதையும் அவரே காலிசெய்திருந்தார். பிறகு, அங்கே இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும், கேமராப் பையின் ஒவ்வோர் உறையிலும் கையை விட்டுப் பார்த்தார்.

பயிற்சியாளர் அம்மாவைத் தேடி மைதானத்துக்குப் போனார். புல்லைப் பெயர்த்தெடுத்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. பயிற்சியாளர் அம்மா வேலிக்கு வெளியே கொடிக்கம்பங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேலேருந்து எடுத்தீங்களே சார், இடைவேளைக்கு அப்புறம்? அது போதுமே! அதை அனுப்புங்க.”

“அதுல ஒண்ணும் நடக்கலம்மா. எறிஞ்சுட்டேன்.”

துணி நின்றது.

“ஒண்ணும் நடக்கலயா? அந்த நேரந்தான் சார் அவங்க கொலைவெறியோட வந்தாங்க. இடது பக்கமா வந்தாங்க, உங்க பொண்ணு முன்னாடியே அங்க நிக்கறா. வலது பக்கமா வந்தாங்க, அங்கயும் நிக்கறா. நடுவுல குத்திப் பாத்தாங்க. ஒரு தடவை பந்தைப் புடுங்கினா, மத்த தடவையெல்லாம் தொடக்கூட இல்ல, வழியில போயி நின்னா, அவ்வளவுதான். அவங்க திரும்பிப் போனாங்க. நான் இத்தனை வருஷத்துல அப்படி ஒரு ஆட்டம் பாத்ததில்ல. ஒண்ணும் நடக்கலன்னா, ஒண்ணும் நடக்க விடல சார் அவ.”

வீடியோக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டார். சப்புனு இருக்கு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும், தான் நிம்மதிப்பட்டதும் ஞாபகம் வந்தன. வேகமாக ஓட்டிப் பார்த்தபோது புள்ளிகள் வந்து வந்து திரும்பிப் போனதும் ஞாபகம் வந்தது. ஏன் திரும்பிப் போகின்றன என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் தேர்வு அம்மாளிடம் அவரே பேசினார். இல்லை என்று சொன்னார். புது ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்கிறேன், வேறு மைதானம் பிடிக்கிறேன், என் செலவிலேயே, என்றெல்லாம் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

“முடியாது சார். இதுக்கு மேல இடத்தை நிறுத்தி வைக்க முடியாது, வேற ஆள் இருக்கு. இன்னொரு பொண்ணு. அவ ஆட்டத்தை அவ சித்தி பக்கத்துக் கட்டட மொட்டை மாடியிலேருந்து போன்ல எடுத்திருக்காங்க. கை ஆடுது, ஓரத்துல யாரோட துணியோ காயுது, நடுவுல அவங்க யார்கிட்டயோ வெங்காயம் விலை கேக்கறாங்க. ஆனா எல்லாம் தெரியுது சார்.”

அன்று சாயங்காலம் மகள் வாசலில் உட்கார்ந்து காலணியின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உனக்கு டீவியில பாக்கும்போதே தெரியும்.”

“என்னது?”

“நடிக்காதடி. தெரியுமில்ல?”

குச்சி சுரண்டியது. “தெரியும்.”

“ஏன் அப்பவே சொல்லல? கத்தியிருக்கலாமே. உங்கம்மா கத்தற மாதிரி.”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா. வெட்டினது ஒட்டாதுன்னு நினைச்சேன். கார்டுல இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா கேட்டிருப்பேன்.”

கார்டில் அப்போது இருந்தது. அவள் ‘நல்லா இருக்குப்பா’ என்று சொன்ன அந்த நேரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், மேஜைமேல் இருந்தது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

“மிட்ஃபீல்டுன்னா என்னதான்டி?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

அவள் யோசித்தாள். “நம்மாளுங்களுக்கு ஆட்டம் சுலபமா இருக்குன்னு தோணணும். அவங்களுக்கு இன்னிக்கு என்னமோ சரியில்லன்னு தோணணும். ரெண்டு பேருக்கும் காரணம் தெரியக் கூடாது. அதுதாம்ப்பா.”

“அப்ப உன்னை யாரும் பாக்க மாட்டாங்களே.”

“பாக்கத் தெரிஞ்சவங்க பாப்பாங்க,” என்றாள். சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அவசரமாகச் சேர்த்தாள்: “அதாவது கோச் மாதிரி ஆளுங்க.”

“தெரியும், தெரியும்,” என்றார் அவர். எழுந்து உள்ளே போய், ஏற்கெனவே நிறைந்திருந்த பாட்டரிகளை மறுபடி சார்ஜரில் போட்டார்.

சில மாதம் கழித்து, அவருடைய விளக்கு பிடிக்கும் ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டான். “நான் வர்றேன்ப்பா, சும்மாதானே இருக்கேன்” என்றாள் மகள். அந்த ‘சும்மா’ அவரை என்னவோ செய்தது. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்தில் அவருடைய லென்ஸ் மணப்பெண்ணின் முகத்தில் இருந்தது. கொக்கு விளக்கை உயர்த்திப் பிடித்தபடி, மேடைப் பக்கம் பார்க்காமல், இந்தத் தோளுக்கு மேல், அந்தத் தோளுக்கு மேல் என்று திரும்பிக்கொண்டிருந்தாள். பழைய நாளாக இருந்தால் “எங்கடி வேடிக்கை?” என்று அதட்டியிருப்பார்.

“அப்பா, வாசல்ல ஒருத்தர் பெட்டியோட நிக்கறார். பொண்ணு மாதிரியே மூக்கு. அண்ணனா இருக்கும். நீங்க ரெண்டு அடி பின்னாடி வாங்க.”

வந்தார். அவள் இடது பக்கம் நகர்ந்து, வழியில் நின்ற புகைப்படக்காரரை ஒரு புன்னகையால் ஓரங்கட்டி, விளக்கைச் சாய்த்தாள். வர மாட்டான் என்று நினைத்திருந்த அண்ணனை மணப்பெண் நிமிர்ந்து பார்த்தபோது, அவளுக்கும் அவனுக்கும் நடுவில் குறுக்கே யாரும் இல்லை. இரண்டு முகமும் ஒரே சட்டத்தில் விழுந்தன.

“எப்படி சார் கரெக்டா அந்த நேரத்துக்கு அங்க இருந்தீங்க?” என்று பெண்ணின் அப்பா பிறகு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வேற மாதிரி ஆளு சார்.”

“நான் இல்லைங்க. என் பொண்ணு...” என்று அவர் திரும்பிக் காட்டினார். காட்டிய இடத்தில் அவள் இல்லை. ஒரு மூலையில் முழங்காலிட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா அதற்குள் வேறொருவர் கையைப் பிடித்திருந்தார்.

எல்லாவற்றையும் கட்டி வைத்த பிறகு அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“கோச்சம்மாவைப் பாத்தேன். புல் போட்டுட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை ஆட்டமாம்.”

“ஆமா, சொன்னாங்க.”

“நீ ஆடறியா? நான் மேல் படிக்கட்டுல ஸ்டாண்டைப் போடறேன். விரிச்சு வச்சுடறேன். கையே வைக்க மாட்டேன், சத்தியமா. போன் வந்தாக்கூட எடுக்க மாட்டேன்.”

அவள் சிரித்தாள். கோபம் இல்லாத சிரிப்பு. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“எடுத்து யாருக்குப்பா அனுப்ப?”

எனக்குத்தான் என்று சொல்ல நினைத்தார். இப்போது சொல்ல என்ன உரிமை என்று தோன்ற, கேமராப் பையின் பட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். குனிந்தபடியே வாசல் பக்கம் நடந்தார்.

பின்னால் ஸ்டாண்டைத் தூக்கி வந்த மகள் ஒரு தோளுக்கு மேல் பார்த்தாள், மறு தோளுக்கு மேல் பார்த்தாள். பிறகு எட்டி, அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். தலைக்கு மேல் உயரமாக அடுக்கிய நாற்காலிகளோடு, முன்னால் எதுவும் தெரியாமல், மண்டபத்து ஆள் ஒருவன் அவர் போய்க்கொண்டிருந்த வழியாகவே வேகமாகப் போனான்.

ஒன்றும் நடக்கவில்லை.

வீடியோக்காரர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.